சக்கர நட்டுகள் இறுகிப்போவதும் அவற்றைக் கழற்றும் முறையும்

நீலகிரி ஜில்லாவில் சங்கங்களும் அவற்றின் அங்கத்தினர்களும் வைத்திருக்கும் மோட்டார் வண்டிகளில் பல புதியன அல்ல. தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஜீப், பால் கேன் எடுத்துச் செல்லும் சிறு வேன், காய்கறி மூட்டைகளுடன் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரி, காரியதரிசியின் பழைய அம்பாஸிடர் அல்லது மாருதி 800 ஆகியவை நாள்தோறும் நம் கண்ணில் படுபவை. இவற்றுள் பின்னே சொன்ன இரு கார்களின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஆகவே இன்று ஓடும் எந்த அம்பாஸிடரும் பத்து வயதைக் கடந்ததே. இவ்வண்டிகளில் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படாதவர் இல்லை. சக்கரத்தைப் பிடித்து நிற்கும் நாலைந்து நட்டுகளைப் பற்றிக் கவலைப்படுகிறவரையோ காண்பது அரிது. டயர் பஞ்சரான அன்றுதான் அவை நினைவுக்கு வருகின்றன. பஞ்சர் என்பதும் நல்ல வெயிலில் சமதரையில் நிகழ்வதில்லை. மழை பெய்யும் மாலையில், கொண்டை ஊசி வளைவில், பின்னால் பதினைந்து மூட்டைக் கொழுந்து சூடேறிக்கொண்டிருக்கும்போதே அது நேருகிறது.

கொழுந்து காத்திராது. சாக்கில் அடைத்த பச்சைக் கொழுந்து தானே வெப்பமடைந்து சில மணி நேரத்திற்குள் சிவந்து கெடும். 1962-ல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஏற்பட்டது முதற்கொண்டு, பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலை சேர வேண்டுமென்பது சிறு விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயம். அந்த நேரத்தில் ஒரு நட்டு அசைய மறுத்தால் ஊரார் உழைப்பு முழுவதும் அந்த வளைவிலேயே நின்றுவிடும். வண்டியில் இருப்பது கொழுந்தாக இல்லாமல் பிரசவ வேதனையிலுள்ள ஒரு பெண்ணாக இருந்தால் நேரக்கூடியதை நான் எழுத வேண்டியதில்லை.

நட்டு ஏன் இறுகுகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால் கழற்றும் வழி பாதி விளங்கிவிடும். நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கும் போல்ட்டு மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட அந்தப் போல்ட்டு வில்லைப்போல் திரும்பச் சுருங்க முயல்வதே சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சக்தியாகும். நாம் ஸ்பேனரில் செலுத்தும் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுவதற்குப் பயன்படுகிறது. மீதி ஒன்பது பங்கு மரையிலும், நட்டு வந்து உட்காரும் சாய்வான இருக்கையிலும் உள்ள உராய்வை வெல்லவே செலவாகிறது. துருவேறியபின் இந்த உராய்வுதான் பெருகுகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைப் போல் இரு மடங்குக்குக் குறையாத இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளுக்கு இடையில் மயிரிழை இடந்தான் உண்டு. அங்கே பிறக்கும் துரு வெளியே வர வழியின்றி, ஆப்பு அடித்ததுபோல் நட்டை இறுக்குகிறது.

சமவெளி வண்டிகளைக் காட்டிலும் நமது மலை வண்டிகளுக்கு இத்தொல்லை அதிகமாயிருப்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. மழை ஒன்று. கூடலூர், பந்தலூர் பக்கங்களில் தென்மேற்குப் பருவக்காற்றும், குன்னூர், கோத்தகிரி பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதத்து வடகிழக்குக் காற்றும் மாறிமாறிப் பொழிகின்றன. 2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. மழை இல்லாத நாட்களிலும் மூடுபனி உலோகத்தை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது காரணம் வெப்பம். குன்னூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேலும் உள்ளன. பாரத்தோடு இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி இந்த 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் எங்காவது வெப்பமாகவே முடிய வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் எண்பது லிட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்கச் செய்ய அது போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். எஞ்சினை அணைத்தோ நியூட்ரலில் விட்டோ இறங்கும் மகானுபாவர்களின் வண்டியிலோ அவ்வளவும் பிரேக் டிரம்முகளில்தான் ஏறும். டிரம்மிலிருந்து ஹப்புக்கும், ஹப்பிலிருந்து போல்ட்டுக்கும் வெப்பம் பரவுகிறது. சூடான நட்டும் போல்ட்டும் குளிரும்போது மரையின் இடுக்கிலுள்ள காற்று சுருங்கி வெளியேயுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மலையிறங்கியதும் ஆற்றங்கரையில் நிறுத்திக் கொதிக்கும் சக்கரத்தின்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் டிரம்முக்கும் கேடு, நட்டுக்கும் கேடு.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது நாம் ஏற்றும் உரம். அம்மோனியம் சல்பேட், மியூரியேட் ஆப் பொட்டாஷ் ஆகிய இரண்டும் தேயிலைக்கு இன்றியமையாதவை, இரும்புக்கோ பகைவர்கள். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு உப்பு, கடற்கரை ஊர்களில் கம்பிகளை அரிக்கும் அதே வகையைச் சேர்ந்தது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உரம் தட்டின் இடுக்கு வழியாகச் சக்கரத்தின்மேல் விழுந்து, மூடுபனியில் கரைந்து, மரைக்குள் இறங்குகிறது. கடலிலிருந்து நெடுந்தூரத்தில் இருந்துகொண்டே நமது வண்டிகளுக்கு உப்புக்காற்றை வரவழைத்துக்கொள்கிறோம். உரம் ஏற்றிய அன்று மாலையே, சக்கரங்கள் ஆறியபின், நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நலம்.

நான்காவது, கையின் குற்றம். நட்டு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பத்திரம் என்ற எண்ணத்தில் ஸ்பேனரின்மேல் ஏறி நின்று குதிக்கிறார்கள். சிறு கார்களின் சக்கர நட்டுக்கு வேண்டிய முறுக்கு, வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், சாதாரணமாக 6 முதல் 11 கிலோகிராம்-மீட்டருக்குள் அடங்கும். ஒன்றரை அடி நீளமுள்ள ஸ்பேனரின் முனையைக் கையால் 20, 25 கிலோ எடையளவு அழுத்தினாலே இது கிடைத்துவிடும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதே முனையில் ஏறி நின்றால் 27 கிலோகிராம்-மீட்டர் ஆகிறது; குதித்தாலோ அதற்கும் மேல். பன்னிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள போல்ட்டு இதைத் தாங்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. அன்று முறியாவிட்டாலும் நீண்டு தளர்ந்து, மரை நசுங்கி, அடுத்த முறை கழற்ற வரும்போது பழிவாங்கும். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கும் டயர்க் கடைகளிலும் இந்த மிகை நேரக்கூடும். அங்கிருந்து வந்த வண்டியின் நட்டுகளை வீட்டில் ஒருமுறை தளர்த்திக் கையால் திரும்ப முறுக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

தணிக்கைக்காகச் சென்ற ஒரு சங்கத்தில் ஒரே மாதத்துச் செலவுப் பட்டியலில் கிரேன் கூலி, புதிய போல்ட்டுகள், மெக்கானிக் கூலி, மாற்று வண்டி வாடகை என்று நான்கு இனங்கள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. விசாரித்ததில், பஞ்சரான ஒரு சக்கரத்தில் டிரைவர் நாலடிக் குழாயை ஸ்பேனரில் மாட்டிப் பலவந்தமாகத் திருப்பியதில் இரண்டு போல்ட்டுகள் முறிந்த கதை அது. டிரைவரோ நல்ல உழைப்பாளி. அவர் திருப்பிய சக்கரம் பழைய ஜீப்பின் இடது பக்கத்துச் சக்கரம் என்பதும், கழற்றுவதாக எண்ணி அவர் முழு மூச்சுடன் முறுக்கிக்கொண்டிருந்தார் என்பதும் பிறகே தெரிய வந்தன.

ஆகையால் ஸ்பேனரைத் தொடுமுன் அறிய வேண்டியது, மரை வலதா இடதா என்பது. சாதாரண மரை கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகத் திருப்பினால் கழலும். ஆனால் பழைய வில்லிஸ் ஜீப்புகளின் இடது பக்கச் சக்கரங்களில் இடது மரை வைத்திருந்தார்கள். அவ்வழி வந்த நம் நாட்டுப் பழைய ஜீப்புகளிலும், சில பழைய லாரிகளிலும் இதைக் காணலாம். இடது பக்கச் சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில் சாதாரண நட்டு தானே தளரக்கூடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இடது பக்கமென்றால் டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் இடது கைப்பக்கம்; நமது லாரிக்காரர்கள் கிளீனர் பக்கம் என்று சொல்வது. போல்ட்டின் முனையிலோ நட்டின் முகத்திலோ ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும், அல்லது நட்டின் முனைகளில் சிறு வெட்டுக்கள் இருக்கும். துரு மூடியிருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். எழுத்தும் அழிந்திருந்தால், நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரையின் சாய்வை மறுபக்கச் சக்கரத்தின் மரையோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

இனிக் கழற்றும் முறை. இதைச் சாவடியில், சமதரையில், அவசரமில்லாத ஒரு நாளில் செய்வதாகவே வைத்துக்கொள்கிறேன். வண்டியைக் கை பிரேக்கிலும் முதல் கியரிலும் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிவிட்டு நட்டோடு போராடுவது பெரும் பிழை. சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். நட்டுகள் யாவும் அசைந்து கொடுத்தபின்பே ஜாக்கிக்கு வேலை.

முதலில் கம்பி பிரஷ்ஷை எடுத்து, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைப் பளிச்சென்று தெரியுமளவு தேய்க்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நட்டு வெளியே வரும் பாதை அதுதான். அங்கே சேறும் துருவும் கட்டியாக இருக்க, நட்டு எப்படி வரும்? பிறகு துரு இளக்கும் எண்ணெயை மரையின் முனையிலும், நட்டு சக்கரத்தோடு சேரும் விளிம்பிலும் துளித்துளியாக விட வேண்டும். கடைகளில் இதற்கென்றே விற்கும் எண்ணெய் சிறந்தது. அது கிடைக்காவிடில் மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஆயில் கலந்துகொள்ளலாம். வெறும் பழைய எஞ்சின் ஆயில் பயனற்றது. தடித்த எண்ணெய் இடுக்கில் புகாது. மாலையில் ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை, காலையில் ஒருமுறை என விட்டு, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். முனை மூடிய நட்டாயிருந்தால் முன்புறத்திலிருந்து எண்ணெய் மரைக்குச் செல்லாது. விளிம்பில் மட்டுமே விட்டு, இன்னும் ஓர் இரவு பொறுக்க வேண்டும். பிரேக் பக்கம் எண்ணெய் சென்றுவிடாமல் அளவாக விடுதல் அவசியம்.

மறுநாள், நட்டின் முகத்தில் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, நேராகச் சில அடிகள் அடிக்க வேண்டும். பலமான ஓரிரு அடிகளைவிட நடுத்தரமான பத்து அடிகள் நல்லவை. துரு நொறுங்கும் தன்மையுடையது. இரும்பு வளையும் தன்மையுடையது. அதிர்ச்சியில் துருதான் முதலில் விரிசல் காணும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். அடித்தபின் மீண்டும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் காத்திருக்கலாம்.

ஸ்பேனர் நட்டுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அங்குல அளவும் புதியவற்றில் மில்லிமீட்டர் அளவும் இருப்பதால் இதில் குழப்பம் உண்டு. முக்கால் அங்குல நட்டுக்கு 19 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும், இரண்டுக்கும் வித்தியாசம் மிக அற்பம். ஆனால் பதின்மூன்று பதினாறு அங்குல நட்டு 20.6 மில்லிமீட்டர்தான், அதில் 21 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் முனைகள் மழுங்கி, பின்னர் எந்த ஸ்பேனரும் பிடிக்காமற்போகும். உட்புறம் பன்னிரண்டு முனையுள்ளதைவிட ஆறு முனையுள்ள பெட்டி ஸ்பேனரே இவ்வேலைக்கு ஏற்றது.

ஸ்பேனரை மாட்டியதும் முதல் முயற்சி கழற்றும் திசையில் வேண்டாம். மயிரிழை அளவு முறுக்கும் திசையில் தள்ளிப் பாருங்கள். சிறிதளவு அசைந்தாலும் துருவின் பிடி விட்டுவிட்டதென்று பொருள். பிறகு கழற்றும் திசைக்கு மாற வேண்டும். சாதாரண மரைக்கு ஸ்பேனரின் கைப்பிடி நமக்கு இடப்புறமாகப் படுக்கைவாட்டில் நீட்டியிருக்க, கையால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இடது மரைக்குக் கைப்பிடி வலப்புறம். குழாய் மாட்டுவதானால் இரண்டடிக்கு மேல் வேண்டாம். ஸ்பேனரின் தலைப்பகுதி சாய்ந்து நழுவாதபடி அதன் அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பது நல்லது. பலத்தைப் படிப்படியாகக் கூட்டி நிலையாக அழுத்த வேண்டுமேயன்றி வெட்டி வெட்டி இழுக்கலாகாது. நட்டு விடும்போது கீச்சென்று ஒரு சப்தம் கேட்கும். அந்தச் சப்தத்தோடு கழன்று வந்தால் சரி. சப்தமின்றி மெழுகுபோல் மெத்தென்று திரும்பினால் போல்ட்டு முறுகுகிறது என்று அறிந்து உடனே நிறுத்த வேண்டும்.

கழல ஆரம்பித்ததும் அவசரப்படக் கூடாது. கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, சொட்டு எண்ணெய். மீண்டும் கால் சுற்று. உதிர்ந்த துரு மரைக்குள் அரைபட்டு வெளியேற இதுவே வழி. வறண்டு கிறீச்சிட்டுக்கொண்டே வரும் நட்டை ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் மரை பிய்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் அசையாத நட்டை நெருப்பால் சுட்டுக் கழற்றுவதை நீங்கள் பட்டறைகளில் பார்த்திருக்கலாம். சுட்டால் நட்டு விரிந்து கழலும் என்பது உண்மையே. ஆயினும் சங்கச் சாவடியில் இதை ஒருபோதும் செய்யலாகாது. டயர் மாட்டிய சக்கரத்தைச் சுடும்போது உள்ளேயுள்ள ரப்பர் வெந்து வாயுக்கள் உண்டாகி டயர் வெடிக்கும். இவ்வாறு உலகில் பல இடங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. காற்றை இறக்கிவிட்டாலும் அபாயம் முற்றும் நீங்குவதில்லை. நெருப்பை எடுத்த சில நிமிஷங்களுக்குப் பிறகும் வெடித்ததுண்டு. மேலும் நாம் இரவெல்லாம் விட்ட எண்ணெயும் மண்ணெண்ணெயும் அங்கேயே இருக்கின்றன. மழுங்கிய நட்டையும் அசையாத நட்டையும் உளியால் பிளப்பதோ, நட்டைப் பிளக்கும் கருவியால் வெட்டுவதோ மேல். போல்ட்டு சேதப்படுவது பற்றி வருந்த வேண்டாம். புதிய போல்ட்டும் நட்டும் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. போல்ட்டு ஒன்று முறிந்த சக்கரத்தோடு மட்டும் மலையிறங்கக் கூடாது. அதன் சுமையைப் பக்கத்துப் போல்ட்டுகள் ஏற்று, ஒவ்வொரு வளைவிலும் அவையும் களைத்து, கடைசியில் சக்கரமே தனியே கழன்று ஓடும்.

நட்டுகள் யாவும் வந்தும் சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராமலிருப்பதுண்டு. நடுத்துளையில் பிடித்த துருவே இதற்குக் காரணம். நட்டுகளை இரண்டு மரை மட்டும் திரும்ப மாட்டிக்கொண்டு, டயரின் பக்கவாட்டில் எதிரெதிர் இடங்களில் மரக்கட்டை வைத்து மாறிமாறித் தட்டினால் விட்டுவிடும். நட்டு இல்லாமல் தட்டினால் சக்கரம் திடீரென்று காலின்மேல் விழும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது.

இனி, சாலையில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைவில் நட்டு அசையாவிட்டால் மேலே சொன்னபடி மரையைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் முயன்று பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் வேறு வண்டிக்குச் சொல்லியனுப்பிக் கொழுந்தை மாற்றி ஏற்றுவதே இலாபம். சக்கரத்துக்கு அடை கொடுத்த கற்களைப் புறப்படும்போது சாலையிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் நமது டிரைவர்களிடம் இருக்கிறது. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளுள்ள கல்லட்டிப் பாதையில் இரவில் வருகிற இருசக்கர வண்டிக்கு அந்தக் கல் எமனாகும்.

திரும்ப மாட்டும்போது ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாய்வு இருக்கையில் பெயிண்டு, துரு, சேறு இல்லாமல் துடைக்க வேண்டும். கழற்றுவதற்கு விட்ட எண்ணெயை மரையிலிருந்து துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இனி இறுகாமலிருக்க மரை நிறையக் கிரீஸ் தடவினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வண்டி செய்தவர்களின் கையேட்டில் அவ்வாறு சொல்லியிருந்தாலொழிய வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பெரும்பாலான கையேடுகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டுமென்றே கூறுகின்றன. கிரீஸ் உராய்வைக் குறைப்பதால், முன்போல அதே பலத்தில் முறுக்கினாலும் போல்ட்டு வேண்டியதற்குமேல் நீண்டுவிடும். ஹப்பின் நடுத்துளை விளிம்பில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவலாம், சக்கரம் ஒட்டாது.

நட்டுகளை முதலில் விரலால் நாலைந்து சுற்று ஏற்ற வேண்டும். விரலுக்கு வராத நட்டு கோணலாக ஏறுகிறதென்று அர்த்தம். பின்னர் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, ஐந்து நட்டாயின் நட்சத்திரக் கோலம் போடும் வரிசையில், சிறிது சிறிதாக முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் இறுதி முறுக்குக் கொடுக்க வேண்டும். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்த்தல் அவசியம்.

கிரீஸும் கூடாது, துருவும் பிடிக்கும் என்றால் வழிதான் என்ன என்று கேட்கலாம். வருஷத்திற்கு இருமுறை, பஞ்சர் ஆனாலும் ஆகாவிட்டாலும், எல்லாச் சக்கரங்களின் நட்டுகளையும் கழற்றித் துடைத்து மாட்டுவதே வழி. வைகாசியில் தென்மேற்குக் காற்றுக்கு முன் ஒன்று, புரட்டாசியில் வடகிழக்குக் காற்றுக்கு முன் ஒன்று. ஆறு மாதத் துருவை ஒன்றரையடி ஸ்பேனர் வெல்லும். ஆறு வருஷத் துரு எதற்கும் அசையாது. ஸ்டெப்னியைத் தாங்கும் நட்டையும் இதே நாளில் கழற்றிப் பார்க்க வேண்டும். சக்கரத்து நட்டு கழன்றும் ஸ்டெப்னியின் நட்டு கழலாமல் நின்ற வண்டிகளும் உண்டு.

இதற்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: ஆறு முனைப் பெட்டி ஸ்பேனர், இரண்டடிக் குழாய், கம்பி பிரஷ், பித்தளைத் துண்டு, சுத்தியல், துரு இளக்கும் எண்ணெய் ஒரு டப்பா. முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சு மட்டும் ஒருவர் தனியாக வாங்க விலை அதிகம். சங்கம் ஒன்றை வாங்கிச் சாவடியில் வைத்து, வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் யாவருக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நாள் இரவல் கொடுக்கலாம். கமிட்டியின் தீர்மானத்தோடு சாமான் இருப்புப் பதிவேட்டில் அதை ஏற்றிவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை எழாது. கழற்றி மாட்டிய தேதியையும், இடது மரை உள்ள சக்கரங்கள் எவை என்பதையும் வண்டியின் ஓட்டப் புத்தகத்து முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், டிரைவர் மாறினாலும் அடுத்து வருபவர் அதைப் பார்த்துக்கொள்வார்.